மாலை 7 மணிக்கு என்ன வேகம்?



"வீட்டு நெட்டை மாத்திரலாமுங்களா? மாத்துனா எந்தக் கம்பெனி நல்லா இருக்குமுங்க?"

நூல் விலை பற்றியும் ஷிப்மென்ட் தாமதம் பற்றியும் எழுதும் வாசகர்கள்கூடக் கடிதத்தின் கடைசி வரியில் இந்தக் கேள்வியைச் சேர்த்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அண்மையில்தான் இணைப்பை மாற்றினோம். விசாரித்ததும் அலைந்ததும் நினைவில் பசுமையாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

பனியன் தொழில் இதழில் வீட்டு இன்டர்நெட்டுக்கு ஒரு பக்கமா என்று வெளியூர் நண்பர் ஒருவர் கேட்டார். திருப்பூரில் வீடு எது, கம்பெனி எது என்று கோடு போட்டுப் பிரிக்க முடியுமா? அனுப்பர்பாளையம், வேலம்பாளையம், ராயபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் மாடியில் குடித்தனம், கீழே பவர் டேபிள் என்றிருக்கும் வீடுகளைப் பார்க்கலாம். மகன் பையிங் ஆபீஸில் மெர்ச்சண்டைசர். ராத்திரிச் சாப்பாட்டை ஓரம் தள்ளிவிட்டு பையருக்கு சாம்பிள் போட்டோ அனுப்பிக்கொண்டிருப்பான். மருமகள் வீட்டிலிருந்தபடியே ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பாள். 20-ம் தேதி நெருங்கினால் அந்த வீட்டில் யாரும் வீடியோ பார்க்கக் கூடாது. செக்கிங் நடக்கும் இடத்தைக் காட்டும் கேமராக்களும் அதே இணைப்பில்தான். மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் ஒடிசா, பீகார்த் தம்பிகள் ஊரிலிருக்கும் குழந்தையை வீடியோ காலில் பார்ப்பதும் அதில்தான். இத்தனை பேருடைய பிழைப்பும் பாசமும் ஒரே வயரில் போய் வருகிற ஊர் இது. அந்த வயரைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

எந்தக் கம்பெனி நல்லது என்று மட்டும் கேட்டால் பதில் சொல்ல முடியாது. குமரன் ரோட்டில் நன்றாக ஓடும் கம்பெனி மங்கலம் ரோட்டில் தடுமாறலாம். நான் கேட்கச் சொல்வது வேறு இரண்டு கேள்விகள். மாலை 7 மணிக்கு நம் வீட்டில் அப்லோடு வேகம் என்ன? வயர் அறுந்தால் எந்த ஆள், எத்தனை நேரத்தில் வருவார்? 

ஏன் 7 மணி? நமக்கு மாலை 7 என்றால் ஜெர்மனியில் குளிர்காலத்தில் பிற்பகல் 2:30, கோடையில் 3:30. நியூயார்க்கில் காலை 8:30 அல்லது 9:30. அங்கே ஆபீஸ் திறக்கும் நேரம். ஐரோப்பிய பையர் மதியச் சாப்பாடு முடிந்து லேப் டிப் கலரைப் பற்றிக் கேள்வி அனுப்புவதும், அமெரிக்க பையர் நாளைத் தொடங்குவதும் நமக்கு இந்த நேரத்தில்தான். தெருவிலுள்ள எல்லா வீட்டிலும் டிவியில் படம் ஓடுவதும், பிள்ளைகள் கேம் விளையாடுவதும் இதே நேரம். காலை 11 மணிக்கு வந்து இணைப்புக் கொடுத்து, போனில் வேகத்தைக் காட்டி, "பாத்துக்குங்க, நூறு வருது" என்று சொல்லிவிட்டுப் போவதில் நமக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை. 

அப்லோடு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த ஊர் வாங்குவதைவிட அனுப்புவது அதிகம். சாம்பிள் போட்டோ, பேட்டர்ன் ஃபைல், பிரிண்ட் டிசைன், கேமராப் பதிவு, வீடியோ காலில் நாம் தூக்கிக் காட்டும் துணி, எல்லாமே இங்கிருந்து வெளியே போகிறவை. ஆனால் போஸ்டரில் கொட்டை எழுத்தில் அச்சிடுவது டவுன்லோடு வேகத்தை மட்டுமே. சில பிளான்களில் அப்லோடும் அதே அளவு கிடைக்கும். சிலவற்றில் பாதிகூட இருக்காது. வயர் இல்லாமல் டவரிலிருந்து வரும் ஏர்ஃபைபர் வகையில் பொதுவாகவே அப்லோடு குறைவு. பிளான் சொல்ல வருகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

நம் ஊருக்கும் வெளிநாட்டுக்கும் செய்தி போய் வந்த வழியை நினைத்துப் பார்த்தால் மனசு நிறைகிறது. 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் மும்பை வியாபாரிகள் வழியாகத் திருப்பூருக்கு வந்ததிலிருந்து ஏற்றுமதிக் கதையைச் சொல்வது வழக்கம். டெலெக்ஸ், கூரியர், பிறகு ஃபேக்ஸ் என்று நடந்த வியாபாரம் அது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990-ல் தொடங்கியபோது இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டே கிடையாது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். அதைத் தொடங்கியதும் சென்னை போன்ற பெருநகரங்களில்தான். பிறகு நம் ஊருக்கும் டயல்-அப் வந்தது. வீட்டில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் பாதி போன மெயில் அறுந்துவிடும். பழைய விசிட்டிங் கார்டுகளில் வி.எஸ்.என்.எல்., சஞ்சார்நெட் என்று முடியும் மின்னஞ்சல் முகவரிகளைப் பார்த்த தலைமுறைக்கு அந்த மோடம் போடும் சத்தம் இன்னும் காதில் இருக்கும்.

2004-ல் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை வந்தது. 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தாலே பிராட்பேண்ட் என்றது அது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல்.லின் டேட்டாஒன் வந்து, டெலிபோன் வயரிலேயே அந்த வேகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது. 100 எம்பி அளவுள்ள ஒரு போட்டோ கட்டை 256 கேபிபிஎஸ்ஸில் அனுப்ப 52 நிமிடம் ஆகும். இன்று 20 எம்பிபிஎஸ் அப்லோடு இருந்தால் 40 விநாடி. பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்ச வேகம் 2 எம்பிபிஎஸ் என்று அரசு உயர்த்தியது 2023 ஜனவரியில்தான். சட்டத்துக்கு 2 போதும், பையருக்குப் போதாது.

செம்புக் கம்பிக்கு இயல்பிலேயே ஒரு குறை உண்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் குறையும். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்துத் தெருக்காரருக்குக் கிடைத்தது, ஊருக்கு வெளியே புதிதாக வீடு கட்டிப் போனவருக்குக் கிடைக்காது. மழைத் தண்ணீர் ஜாயின்ட்டில் இறங்கினால் இரைச்சல். கண்ணாடி இழைக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. பி.எஸ்.என்.எல். பாரத் ஃபைபர், ஏர்டெல், 2019 செப்டம்பர் 5-ல் வணிக முறையில் தொடங்கிய ஜியோ ஃபைபர், கேபிள் டிவிக்காரர்கள் வழியே வரும் பல கம்பெனிகள் என்று தெருவுக்குள் ஃபைபர் நுழைந்தது. அடுத்த மார்ச்சில் ஊரடங்கு. பிள்ளைகளுக்குப் போனில் பாடம், மெர்ச்சண்டைசருக்கு வீட்டில் வேலை. ஃபைபர் இல்லாத வீடுகள் அப்போது தவித்த தவிப்பு நமக்குத் தெரியும். 2021 நவம்பரில் வீட்டு இணைப்புகளின் எண்ணிக்கையில் ஜியோ பி.எஸ்.என்.எல்.லை முந்தியது. தொடங்கி இரண்டே ஆண்டுகளில் நடந்தது இது. ஆளாளுக்கு இணைப்பை மாற்றிக்கொண்டிருந்த காலம்.

எங்கள் கதைக்கு வருகிறேன். பழைய இணைப்பு பகலில் ஒழுங்காக இருக்கும், பொழுது சாய்ந்தால் தள்ளாடும். இதழின் பக்கங்களை அச்சகத்துக்கு அனுப்புவது எப்போதும் மாலையில்தான். படங்கள் நிறைந்த பிடிஎஃப் என்பதால் கனம் அதிகம். பாதியில் நின்றுபோகும், திரும்ப முதலிலிருந்து அனுப்ப வேண்டும். புகார் எண்ணைக் கூப்பிட்டால், "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற ஒரே பதில். பக்கத்து வீடுகளில் விசாரித்தோம். யார் என்ன கம்பெனி, மாலையில் எப்படி, போன மழைக்கு அறுந்ததா என்றெல்லாம் கேட்டோம். நான்கைந்து வீட்டுக்காரர்கள் ஒரே ஆபரேட்டரின் பெயரைச் சொன்னார்கள். "அவரு தம்பியே பைக்ல வந்துருவாருங்க" என்றார் எதிர்வீட்டு அக்கா. எந்த விளம்பரமும் தராத தகவல் அது.

அந்தத் தம்பி வந்த நாளைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் உட்கார்ந்து கறுப்பு கேபிளின் மேல்தோலை உரித்தார். உள்ளிருந்து வந்த இழையின் பூச்சையும் ஒரு சின்ன இடுக்கியால் வழித்தெடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த டிஷ்யூவால் துடைத்தார். இப்போது கையில் இருப்பது வெறும் கண்ணாடி. அதன் தடிமன் 0.125 மில்லிமீட்டர். வெளிச்சம் ஓடுவது அதற்கும் உள்ளே, 9 மைக்ரான் அகலமுள்ள நடுப்பகுதியில். நுனியை நேராக நறுக்கி, இரண்டு முனைகளையும் ஸ்ப்ளைசிங் மெஷினுக்குள் வைத்து மூடினார். குட்டித் திரையில் இரண்டு முனைகளும் பெரிதாகத் தெரிந்தன, ஒரு பொறி, ஒன்றாகிவிட்டன. மேலே ஒரு ஸ்லீவைத் தள்ளிச் சூடேற்றி இறுக்கினார். பிறகு கீழே வந்து, வயரின் முனையை ஒரு மீட்டரில் செருகிக் காட்டினார். மைனஸ் 19. "இது நல்ல பவருங்க. மைனஸ் இருவத்தேழத் தாண்டுச்சுன்னா செவப்பு லைட்டு எரிஞ்சு நின்னுருமுங்க. இருவத்தஞ்சு கிட்ட இருந்தா இன்னைக்கு ஓடும், நாளைக்கு மழைக்குப் படுத்துரும்" என்றார். புதிதாக இணைப்பு வாங்குகிறவர்கள் இந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேகம் குறையும்போது, கோளாறு வயரிலா கம்பெனியிலா என்பதை இந்த ஒரு எண் காட்டிக்கொடுக்கும்.

பவர் நன்றாக இருந்தும் மாலையில் இழுத்தால் காரணம் வேறு. பெரும்பாலான தெருக்களில் ஒரே இழையை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். ஜிபான் என்ற அந்த முறையில் அத்தனை வீட்டுக்குமாகச் சேர்த்து டவுன்லோடு சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அப்லோடு அதில் பாதி. எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதால் இது பெரும்பாலும் போதும். ஆபரேட்டர் தனக்கு மேலேயுள்ள கம்பெனியிடம் வாங்கும் அளவைக் கஞ்சத்தனமாக வைத்திருந்தால்தான் 7 மணிக்கு எல்லா வீடும் திணறும். துணி வாங்கும்போது நாம் ஜிஎஸ்எம்மை வாய்ச்சொல்லாக நம்புவதில்லை. வட்டமாக வெட்டி, தராசில் வைத்து, எண்ணைப் பார்த்த பிறகே பேசுகிறோம். இணைப்பையும் அப்படி எடை போடுங்கள். லேப்டாப்பை லேன் வயரில் செருகி, மாலை 7-லிருந்து 10 வரை சில நாள் டெஸ்ட் எடுங்கள். வைஃபையில் எடுத்தால் சுவரின் குற்றத்தையும் கம்பெனி தலையில் கட்டிவிடுவோம்.

சுவரைப் போல வீட்டுக்குள்ளேயே இருக்கும் தடைகள் இன்னும் சில உண்டு. 200 எம்பிபிஎஸ் வாங்கியும் 90-க்கு மேல் வரவில்லை என்று பூலுவப்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பழைய ரூட்டரின் லேன் போர்ட் 100 வரைதான் தரும் வகையாக இருந்தால் எந்த பிளான் போட்டாலும் 90 சொச்சத்தில் நின்றுவிடும். கீழே மெஷின் ஹாலுக்கு சிக்னல் வரவில்லை என்றால், பூஸ்டர் வாங்கிச் சலிப்பதைவிட மாடியிலிருந்து ஒரு கேட்-6 வயரை இறக்கி, கீழே இன்னொரு வைஃபை பெட்டி வைப்பதே உருப்படியான வழி. வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட்டைத் தாண்டத் திணறும், 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. புதிய ரூட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே வைத்துவிடுங்கள். டிவி, கேமரா, பிரிண்டர், தாத்தாவின் போன் எல்லாம் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். அரை நாள் அலைச்சல் மிச்சம்.

எந்தக் காரணம் கொண்டும் பழையதை நிறுத்திவிட்டுப் புதியதற்குக் காத்திருக்காதீர்கள். சில வாரங்கள் இரண்டும் ஓடட்டும். அந்தக் கூடுதல் வாடகை, ஒரு ஷிப்மென்ட் மெயில் தவறுவதைவிட மலிவு. ஒரு வருடப் பணம் கட்டினால் இத்தனை மாதம் இலவசம் என்பார்கள். முதலில் ஒரு மாதம் கட்டிப் பாருங்கள். சொல்லும் தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டா என்றும் கேளுங்கள். அன்லிமிடெட் என்று எழுதியிருந்தாலும் பல பிளான்களில் மாதம் 3,300 ஜிபி போன்ற வரம்பு இருக்கிறது. இரவு பகலாகக் கேமரா பதிவை வெளியே அனுப்பும் கம்பெனிகள் இதைக் கவனிக்க வேண்டும். வெளியூரிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து டேலி பார்க்கிறவர்கள், ஸ்டாடிக் ஐபி கிடைக்குமா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். பழைய இணைப்பை நிறுத்தும்போது ரூட்டரைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது, கணக்கு முடிந்ததற்கு எழுத்தில் ஒரு வரி, இரண்டும் கைக்கு வர வேண்டும். டெபாசிட்டைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.

இங்கே எனக்கு ஓர் ஆதங்கம். செல்போன் கம்பெனியை மாற்றும் வேலை 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ்ஸில் தொடங்கிவிடும். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க அந்த வசதி இருக்கிறது, எண்ணும் மாறுவதில்லை. வீட்டு பிராட்பேண்டுக்கு அப்படி ஒன்றுமே இல்லை. பழைய கம்பெனியிடம் நாமே மல்லுக்கட்டி விடுதலை வாங்க வேண்டும். பிரிட்டனில் 2024 செப்டம்பர் 12 முதல், புதிய கம்பெனியிடம் சொன்னால் போதும்; பழையதை நிறுத்தும் வேலையை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இங்கேயும் இதைக் கொண்டுவர வேண்டும். 0421-ல் தொடங்கும் லேண்ட்லைன் எண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காதர்பேட்டையில் தகப்பனார் காலத்து எண்ணைப் போர்டில் எழுதி வைத்திருக்கும் கடைக்காரர், வெளியூர் வியாபாரிகள் அந்த எண்ணில்தான் கூப்பிடுவார்கள் என்பதற்காகவே மெதுவான இணைப்பைச் சகித்துக்கொள்கிறார். பி.எஸ்.என்.எல்.லிலேயே செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறினால் அதே எண்ணை வைத்துக்கொள்ள வழியிருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் முதலில் அதை விசாரியுங்கள். 

வேகத்தைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அறுந்துபோவதுதான். பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய் என்று நம் தெருக்கள் தோண்டப்பட்டு மூடப்பட்டு மறுபடி தோண்டப்படுகின்றன. கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கேபிளை, துணி உருளைகளை உயரமாக அடுக்கி வரும் டெம்போ இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அந்த நேரத்தில் சென்னையிலோ குருகிராமிலோ இருக்கும் புகார் மையத்தால் என்ன செய்ய முடியும்? ஸ்ப்ளைசிங் மெஷினோடு கம்பத்தில் ஏற ஒரு ஆள் வேண்டும். கரண்ட் நிறுத்தம் வேறு. வீட்டிலிருக்கும் ஃபைபர் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுவது. அதற்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. வசதியுள்ள கம்பெனிகள் இரண்டு இணைப்பு வைத்துக்கொள்ளலாம். அப்போது இரண்டும் வெவ்வேறு கம்பத்து வழியாக வருகின்றனவா என்று ஒருமுறை வெளியே வந்து பாருங்கள். ஒரே கம்பம் என்றால் ஒரே டெம்போ இரண்டையும் அறுத்துவிடும்.

சில தடைகள் தெரு ஆபரேட்டர் கையில் இல்லை. ஐரோப்பாவுக்கு நாம் பேசும் பேச்சில் பெரும்பகுதி கடலடிக் கேபிள்களில், செங்கடல் வழியே போகிறது. 2008 ஜனவரி இறுதியில் எகிப்துக் கடலோரத்தில் கேபிள்கள் அறுந்தபோதும், 2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே அறுந்தபோதும் இந்தியா முழுக்க வேகம் குறைந்தது. அப்படிப்பட்ட நாட்களில் அந்தத் தம்பியைத் திட்டாதீர்கள்.

நகரத்தைவிட்டு வெளியே போனால் கதை வேறு. தையல் வேலை பல்லடம், அவிநாசி, ஊத்துக்குளி, காங்கயம் பக்கத்துக் கிராமங்களுக்கு நகர்ந்து வெகு நாளாகிறது. பாரத்நெட்டின் இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் கார்ப்பரேஷனிடம் இருக்கிறது. ஊராட்சிக்கு 1 ஜிபிபிஎஸ் இலக்கு. நல்ல திட்டம். ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வந்த இழை, அங்கிருந்து அரை கிலோமீட்டரில் மெஷின் போட்டுத் தைக்கும் அக்காவின் வீட்டுக்கு வர யாராவது வயர் இழுக்க வேண்டும். காடு தோட்டங்களுக்கு நடுவே இரண்டு வீட்டுக்காக இழுக்க எந்தக் கம்பெனிக்கும் மனசு வருவதில்லை. மாற்றுவதா வேண்டாமா என்ற பேச்சே அவர்களுக்கு இல்லை. கிடைத்தால் போதும் என்ற நிலை. அவர்கள் அனுபவத்தை இந்த இதழ் தொடர்ந்து வெளியிடும்.

ஆகவே எல்லோரும் எழுதுங்கள். உங்கள் ஏரியா, எந்தக் கம்பெனி, மாலை 7 மணிக்கு டவுன்லோடு எவ்வளவு, அப்லோடு எவ்வளவு, கடைசியாக அறுந்தபோது சரிசெய்ய எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து அனுப்புங்கள். உங்கள் பெயரை வெளியிட மாட்டோம். வருகிற கடிதங்களைத் தெருவாரியாகத் தொகுத்து அச்சிட்டால், இணைப்பை மாற்ற நினைக்கும் குடும்பம் யாரையும் கேட்காமல் அதைப் பார்த்தே முடிவெடுக்கலாம். ஏரியா பெயரை மட்டும் முழுதாக எழுதுங்கள். வெறும் பூலுவப்பட்டி என்று போட்டால் சிறுபூலுவப்பட்டியோடு குழம்பிப்போகும், இரண்டுக்கும் ஆபரேட்டர்கள் வேறு வேறு.

அன்புடன்,
ஆசிரியர்